யஷ்வந்த்பூர் பஸ்ஸில் ஏறியது

சுதந்திரம் வந்த வருஷம் எனக்கு மூன்று வயது. அந்த வருஷ மழைக்காலத்தில்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியபோது இரண்டு கால்களும் என் பேச்சைக் கேட்கவில்லை. இடது கால் பிறகு கொஞ்சம் திரும்பி வந்தது. வலது கால் வரவே இல்லை. இளம்பிள்ளை வாதம் என்று ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள். என் சித்தப்பா ஒருவர் கொஞ்சம் குடித்துவிட்டு வரும் நாட்களில், "தேசமே ஏந்து நின்ன வருசத்துல நீ மட்டும் குந்திட்டியே பாப்பா" என்பார். அம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, முறத்தை ஓங்கி வைப்பாள். எனக்கு என்னவோ பிடித்துத்தான் இருந்தது. என்னிடம் நேராகப் பேசியவர்கள் ரொம்பக் குறைவு. அவர் அதில் ஒருவர்.

மற்றவர்கள் என் தலைக்கு மேலே பேசினார்கள். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. வாசலில் உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்தால் என்னைப் பார்த்தபடியே அம்மாவிடம் கேட்பார்கள்: சாப்பிடறாளா, தூங்கறாளா, வலிக்குதாமா. அம்மா பதில் சொல்வாள். சாப்பிட்டது நான், தூங்கியது நான், வலி இருந்தால் அதுவும் என்னுடையது. ஆனால் பதில் எப்போதும் அம்மாவிடம்தான் இருந்தது. அதைப் பற்றி எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மழை பெய்வதுபோல, மில் சங்கு ஊதுவதுபோல, அதுவும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

நைனா நூல் மில்லில் வேலை செய்தார். காலை ஷிப்டு இல்லாத நாட்களில் என்னைத் தோளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போவார். நாலைந்து சந்து தள்ளி ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். அவர் ஷிப்டு மாறும் வாரங்களில் எனக்கு லீவு. அப்படியும் எழுதப் படிக்க வந்துவிட்டது, கணக்கும் வந்தது. அப்புறம் நான் பெரியவள் ஆனேன். வயதுக்கு வந்த பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்க நைனாவுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே பள்ளிக்கூடம் நின்றுபோனது.

வீட்டில் உட்கார்ந்தபடி செய்ய எங்கள் பக்கத்தில் ஒரே வேலைதான் உண்டு. ஊதுபத்தி உருட்டுவது. கரித்தூளும் பசை மாவும் பிசைந்த கறுப்பு உருண்டையைக் கிள்ளி, பலகையில் குச்சியை வைத்து, உள்ளங்கையால் ஒரே ஓட்டமாக ஓட்டவேண்டும். மாவு எங்கும் தடிக்காமல் மெலியாமல் ஏறவேண்டும். என் கை அதற்குச் சீக்கிரம் பழகியது. ஊதுபத்தி உருட்டுகிறவள் வீட்டில் வாசனை இருக்கும் என்று நினைப்பார்கள். வாசனை எல்லாம் அப்புறம் கம்பெனியில் ஏற்றுவது. எங்கள் வீட்டில் இருந்தது கரி மட்டும்தான். நகக்கண், கன்னம், சோற்றுத் தட்டின் விளிம்பு, எல்லா இடத்திலும் கரி.

என்னோடு உருட்ட அடுத்த சந்திலிருந்து ஒரு பெண் வருவாள். என்னைவிட ஒரு வயது பெரியவள். பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. சந்தில் எல்லோரும் அவளை ஊமை என்றுதான் சொன்னார்கள், அவள் அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். கூப்பிட்டாள் என்றா சொன்னேன்? கூப்பிட்டால் அவளுக்கு எங்கே கேட்கும். மற்றவர்களிடம் அவளைக் குறிப்பிடுவதற்கு அந்த வார்த்தை. சின்ன வயதில் அவள் குரல் எழுப்பினால் பிள்ளைகள் அதே மாதிரி கத்திக் காட்டிச் சிரிப்பார்களாம். சிரிப்பு கேட்காவிட்டாலும் முகம் தெரியுமே. அதனால் குரலையே நிறுத்திவிட்டாள். நான் பார்த்த காலத்தில் அவள் இருமும்போதுகூட வாயைப் பொத்திக்கொள்வாள்.

பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கையில் மாவு இருப்பதால் முகத்தாலும் தோளாலும் பேச ஆரம்பித்தோம். உருட்டிய பத்தியை வாங்கிப்போகும் ஏஜென்ட்டுக்கு ஒரு அடையாளம், மூக்கை மேலே இழுப்பது. மழைக்கு ஒன்று, அலுப்புக்கு ஒன்று, 'உன் அம்மா வருகிறாள், வேலையைப் பார்' என்பதற்கு ஒன்று. ஒரு வருஷத்துக்குள் எங்களால் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ள முடிந்தது. அவள் பெரிய கிண்டல்காரி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளோடு பதினேழு வருஷம் வாழ்ந்த அவள் வீட்டுக்குத் தெரியாது.

எனக்கு இரும்புக் கால் வந்தது அதற்கு அடுத்த வருஷம். மில்லில் யாரோ சொல்லி நைனா என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் கூட்டிப்போனார். காலிப்பர் என்றார்கள். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுவில் தோல் வார்கள், கீழே ஒரு கனமான பூட்ஸ். முழங்காலில் ஒரு பூட்டு. அதைத் தட்டினால்தான் கால் மடங்கும். அக்குளில் ஊன்றிக்கொள்ள ஒரு கட்டை. அங்கே பயிற்சி கொடுத்த நர்ஸ் மலையாளப் பக்கத்துப் பெண். நடக்கக் கற்றுக்கொடுப்பாள் என்று போனால், முதல் நாள் முழுக்க விழக் கற்றுக்கொடுத்தாள். கட்டையை முதலில் விட்டுவிடவேண்டும், கையை நீட்டக்கூடாது, பக்கவாட்டில் சரியவேண்டும். அப்புறம் யாரும் தூக்காமல் எழுந்திருக்கவேண்டும். விழுந்து விழுந்து எனக்கு அழுகை வந்தது. அவள், "இது தெரிஞ்சா நடக்கறது சுலபம்" என்று சொல்லி, அடுத்த பாயை விரித்தாள்.

வீட்டில் முதல்முதலாக நின்றது நன்றாக நினைவிருக்கிறது. என் வீட்டை நான் அதுவரை கீழிருந்துதான் பார்த்திருந்தேன். அலமாரிப் பலகையின் அடிப்பக்கம் எனக்கு அத்துப்படி, மேல்பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. அங்கே தூசி படிந்த ஒரு பித்தளைக் குத்துவிளக்கும், நான் எப்போதோ தொலைத்த பம்பரமும் கிடந்தன. அம்மாவின் உச்சி வகிட்டில் நரை விழுந்திருந்ததும் அன்றுதான் தெரிந்தது. "இன்னாடி அப்படிப் பாக்கற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

சந்துக்குள் நடந்தேன், தண்ணீர்க் குழாய்வரை போனேன். அப்புறம் திரும்பி வந்து பலகை முன்னால்தான் உட்காரவேண்டியிருந்தது. நடக்கத் தெரிந்தபிறகுதான் எனக்கு அந்தப் பலகை வெறுத்துப்போனது. அதற்கு முன்னால் அப்படி இல்லை. போக இடமில்லாமல் கால் மட்டும் கிடைத்தால் என்ன செய்வது?

அறுபதுகளின் தொடக்கம் அது. பெங்களூரில் எங்கே பார்த்தாலும் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. யஷ்வந்த்பூர் தாண்டி ஒரு சின்னக் கம்பெனி, ரேடியோவுக்கு வேண்டிய சாமான்கள் செய்வது. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சின்னச் சுருள்களாகச் சுற்றுகிற வேலைக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று சந்தில் பேச்சு வந்தது. படிப்பு பெரிதாக வேண்டாம், கை நிதானம் வேண்டும். நான் நைனாவிடம் கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, கேட்டுப் பார்க்கலாம் என்றார். பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் வருவதாகக் கையைக் காட்டினாள். அவள் வீட்டில் சிரித்தார்கள். ஆனால் தடுக்கவில்லை.

ஜட்காவில் மூன்று பேரும் போனோம். மேனேஜர் மைசூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், சாந்தமான மனிதர். சூப்பர்வைசரம்மா எங்கள் இருவரையும் மெஷின் முன்னால் உட்காரவைத்துச் சுற்றிக் காட்டினார். கம்பி இழுபடும்போது விரலில் ஒரு துடிப்புத் தெரியும். இறுக்கம் கூடினால் அறும், குறைந்தால் சுருள் தளரும். ஊதுபத்தி உருட்டிய கைக்கு அது பெரிய விஷயமாக இல்லை. என் சிநேகிதி சுற்றியதைப் பார்த்து சூப்பர்வைசரம்மா இன்னொரு சுருள் கொடுத்தார். அதையும் முடித்ததும் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார். காது கேட்காது என்று நைனா சொன்னபோது, "கண்ணால பாத்துக் கத்துக்கறா, போதும்" என்றார் அந்த அம்மா. அவளை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து மேனேஜர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு நைனாவிடம் கன்னடத்தில் கேட்டார். பெண்ணுக்கு என்ன வயது, எதுவரை படித்தாள், கால் எப்போதிலிருந்து இப்படி. நைனா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கை நன்றாக இருக்கிறது, ஆனால் எடுக்க முடியாது என்றார் மேனேஜர். அதையும் நைனாவிடம்தான் சொன்னார். நைனா தலையாட்டியபடி எழுந்துவிட்டார்.

"சார், என்னைக் கேளுங்க" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. மேனேஜர் திரும்பினார்.

"வேல குந்திக்கினு செய்றதுதானே சார்? அதுக்குக் கால் எதுக்கு?"

அவர் கோபப்படவில்லை. "வேலை உக்காந்துதான் செய்றது, சரி. ஆனா உக்காந்தே வர முடியாதேம்மா" என்றார், அரைகுறைத் தமிழில். "எட்டு மணிக்குச் சங்கு. அப்புறம் கேட் மூடிடுவாங்க. தினா எப்படி வருவே?"

"பஸ்ல."

"இதுக்கு முன்னாடி தனியா பஸ் ஏறியிருக்கியா?"

இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. வழியில் எங்காவது விழுந்தால் கம்பெனிக்குத்தான் பழி என்று அவர் நைனாவிடம் திரும்பிச் சொன்னார். அத்தோடு முடிந்தது. வரும் வழியெல்லாம் குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் சிநேகிதி வேலை கிடைத்த சந்தோஷத்தை முகத்தில் வராமல் வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள். அவளால் முடியவில்லை. நான் அவள் தொடையைத் தட்டி, சிரி என்றேன். சிரித்தாள்.

அவள் வேலைக்குச் சேரவேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தின நாள், நானும் கூடப் போகப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"வேல குடுக்காத எடத்துக்கு இன்னாத்துக்குடி போற?"

"வரமுடியும்னு காட்டறதுக்கு."

"ரோட்ல வுழுந்தா யாருடி தூக்குவாங்க?"

"யாரும் தூக்க வேணாம். வுழுந்தா ஏந்திருக்கத்தான் ஆஸ்பத்திரில கத்துக் குடுத்தாங்க."

அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா, மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே போனார். அன்று அவருக்கு ஷிப்டே இல்லை.

பஸ் ஏறுவதை மனசுக்குள் நான் பலமுறை ஒத்திகை பார்த்திருந்தேன். கட்டையை முதலில் உள்ளே கொடுத்துவிடவேண்டும். இடது கையால் வாசல் கம்பி. இடது கால் மேலே. அப்புறம் வலது காலைத் தொடையோடு சேர்த்துக் கையால் தூக்கிப் படியில் வைக்கவேண்டும். திங்கட்கிழமை காலை என் சிநேகிதி முதலில் ஏறிக் கட்டையை வாங்கிக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்து இடது காலை வைத்தேன். கண்டக்டர் அந்தப் பக்கம் யாருக்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. விசில் ஊதிவிட்டார். பஸ் நகர்ந்தது. என் வலது கால் இன்னும் தரையில் இருந்தது.

நர்ஸ் சொன்னதுபோலக் கையை விட்டேன். பக்கவாட்டில் சரிந்தேன். முழங்கையும் இடுப்பும் தரையில் மோதின. பஸ் என் கட்டையோடு போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது. அதில் வார்த்தை இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த, நீண்ட, கரகரத்த ஒரு ஓலம். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். டிரைவர் போட்ட பிரேக்கில் பஸ் குலுங்கி நின்றது. யார் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் குரலை நான் கேட்டதே இல்லை.

அவள் கட்டையோடு குதித்து ஓடிவந்தாள். டிரைவரே இறங்கி வந்தார். கத்தியது யார் என்று அவர் கேட்டதும், பஸ்ஸில் இருந்தவர்கள் அவளைக் காட்டினார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். யாரும் சிரிக்கவில்லை. "என் சிநேகிதி" என்றேன் நான், தரையில் இருந்தபடி. இரண்டு பெண்கள் என் அக்குளில் கைகொடுக்க வந்தார்கள். நானே எழுந்துகொள்கிறேன் என்றதும் தள்ளி நின்றார்கள். கட்டையை ஊன்றி, இடது முழங்காலை மடக்கி, முழங்கால் பூட்டைச் சரிபார்த்து எழுந்தேன். நேரம் பிடித்தது. பஸ் காத்திருந்தது. எழுந்து, அதே பஸ்ஸில் ஏறினேன்.

கம்பெனி வாசலுக்குப் போனபோது சங்கு ஊதிவிட்டிருந்தது. வேலைக்குச் சேரும் முதல் நாளே தாமதம் என்று என் சிநேகிதியைத் திட்டித்தான் உள்ளே விட்டார்கள். அவளுக்கு அது கேட்கவில்லை என்பதில் அன்று மட்டும் எனக்குச் சந்தோஷம்.

மறுநாளிலிருந்து இன்னும் சீக்கிரம் கிளம்பினோம். அவள் முன்னால் ஏறிப் படியருகே நிற்பாள். என் இரண்டு காலும் மேலே வந்து நான் கம்பியைப் பிடித்ததும், சின்னதாக ஒரு சத்தம் கொடுப்பாள். 'ஆ' என்று ஒற்றை எழுத்து. அதற்குப் பிறகுதான் கண்டக்டர் விசில் ஊதுவார். முதல் நாள் ஊதிய அதே மனிதர். அந்தச் சத்தம் கொடுக்க ஆரம்பித்தபோது அவள் முகம் சிவந்துவிடும். பத்துப்பதினைந்து நாள் கழித்துச் சிவப்பதை நிறுத்தினாள். இன்னும் கொஞ்ச நாளில், உட்கார இடம் கொடுக்காத ஆண்களைப் பார்த்துச் சத்தம் போடவே தொடங்கிவிட்டாள்.

அவள் உள்ளே போய்விடுவாள். நான் கேட்டுக்கு வெளியே நிற்பேன். சங்கு ஊதி, கேட் மூடியதும் திரும்பி நடந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து ஊதுபத்தி உருட்டுவேன். கேட்டில் இருந்த வாட்ச்மேனுக்கு இது விளங்கவில்லை. "கெலச இல்லதே யாக்கம்மா பர்தீயா?" என்று கேட்டார். வேலையே இல்லாமல் எதற்கு வருகிறாய் என்று. வருகிறேன் என்று மேனேஜருக்குத் தெரியவேண்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். மறுநாள் தன் கூண்டிலிருந்த ஸ்டூலை வெளியே எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்திருப்பதை மேனேஜர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். கால் வலித்தது என்பதும் உண்மைதான்.

மேனேஜர் ஸ்கூட்டரில் வருவார். முதலில் கொஞ்ச நாள் அவர் என்னைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காததுபோல் போனார். ஒரு நாள் நிறுத்தினார். இடம் காலி இல்லை என்றார். தெரியும் சார், சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பப் போனவர், நின்று, உள்ளே போய்க்கொண்டிருந்த என் சிநேகிதியைக் காட்டினார்.

"அவ வராத நாள்ல?"

அன்று வீட்டுக்கு வந்து உருட்டிய ஊதுபத்தி எல்லாம் கோணலாக இருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மழைக்காலம் தொடங்கியதும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் அவள் வீட்டு வாசலில் நின்றேன். பாயில் சுருண்டிருந்தவள் என்னைப் பார்த்து, போகாதே என்று கை காட்டவில்லை. போ என்றும் காட்டவில்லை. அம்மா, "ஒரு நாள் போகாட்டி அந்தாளு கவனிக்கவா போறாரு?" என்றாள். இன்றைக்குத்தான் கவனிப்பார் என்று எனக்குத் தோன்றியது. கிளம்பினேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. வந்த பஸ்ஸில் வழக்கமான கண்டக்டர் இல்லை. வேறு ஒருவர், இளைஞர், அவசரக்காரர். "பேக ஹத்தம்மா, பேக" என்றார், சீக்கிரம் ஏறு என்று. அதுவரை பஸ்ஸில் எனக்காகக் குரல் கொடுத்தது அவள்தான். படி ஈரமாக இருந்தது. இப்போது பேசாவிட்டால் மறுபடியும் தரையில்தான் என்று தெரிந்தது.

"நான் ஹேளோ தனக விசில் ஊதபேடி" என்றேன், கன்னடத்தில். நான் சொல்லும்வரை ஊதாதீர்கள். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன், பஸ் முழுக்கக் கேட்கும்படி வந்துவிட்டது.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கட்டையை அவரிடமே நீட்டினேன், வாங்கிக்கொண்டார். உள்ளே ஒருவர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார். இன்னொருவர், தூக்கி உள்ளே விட்டுவிடுங்கப்பா என்றார். வேண்டாம் என்றேன். இடது கால். கம்பி. வலது காலைத் தூக்கி வைத்தேன், பூட்ஸ் ஈரத்தில் வழுக்கியது. மறுபடி வைத்தேன். நின்றது. மேலே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "ரைட்டு" என்றேன்.

பஸ்ஸில் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு இருந்தது. அவர் விசில் ஊதினார். நான் கட்டையைத் திரும்ப வாங்கி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

கேட்டில் அன்று வாட்ச்மேன் என்னைக் கூண்டுக்குள் நிற்கச் சொன்னார், மழைக்காக. மேனேஜர் வந்தார். இன்னொருத்தி எங்கே என்று கேட்டார். ஜுரம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். என்னவோ நடக்கும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மூடிய கேட்டைப் பார்த்துவிட்டு மழையில் திரும்பினேன். அவளுக்குக் காய்ச்சல் விடும்வரை தினமும் தனியாகவே போய்வந்தேன்.

அவள் தேறி வேலைக்குத் திரும்பிய வாரத்தில், ஒரு நாள் காலையில் வாட்ச்மேன் கேட்டை மூடாமல், என்னைப் பார்த்து உள்ளே கையைக் காட்டினார். மேனேஜரின் அறையில் சூப்பர்வைசரம்மாவும் இருந்தார். நைனா இல்லை, அம்மா இல்லை. மேனேஜர் என்னிடமே கேட்டார், வயது என்ன, எதுவரை படித்தாய், கண் பார்வை எப்படி. எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் விவரமெல்லாம் என்னிடமே திரும்பி வருவதுபோல இருந்தது. கொஞ்ச நாள் பார்க்கலாம், சரிப்பட்டால் இருக்கட்டும் என்றார். சரிப்பட்டது.

சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அம்மா உள்ளே போய் அரிசியைக் களைய ஆரம்பித்தாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்துகொண்டிருந்தாள். நைனா மட்டும், "உன்னையே கேட்டாரா?" என்றார். "ம்" என்றேன்.

உள்ளே போனபிறகு இன்னொன்றைப் பார்த்தேன். சாப்பாட்டு மணி அடித்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். என் சிநேகிதிக்குக் கேட்காது. இரண்டு பெண்கள் விளையாட்டாகப் பின்னால் வந்து அவள் முதுகில் அடிப்பார்கள். அவள் திடுக்கிட்டுத் துள்ளுவாள், கம்பி அறுந்துவிடும். அறுந்தால் அவள் கணக்கில்தான் எழுதுவார்கள். மேனேஜரிடம் சொல்லப்போகிறேன் என்று எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். உன் வாயால் வேண்டாம் என்று காட்டினாள். முகம் கடுமையாக இருந்தது. தலைக்கு மேலே மற்றவர்கள் பேசுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவளே எலக்ட்ரீஷியனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். சுவரிலிருந்த மணியைக் காட்டினாள். காதைத் தொட்டு, கையை விரித்தாள். மேலே எரிந்த பல்பைக் காட்டினாள், தன் கண்ணைக் காட்டினாள், தன் மெஷினைக் காட்டினாள். அந்த மனிதருக்கு முதலில் புரியவில்லை. அவள் மறுபடி தொடங்கினாள். சூப்பர்வைசரம்மா வந்தார். அவருக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் காட்டினாள், நடுவில் அந்த 'ஆ' சத்தத்தையும் சேர்த்து. அந்த வாரமே அவள் மெஷினுக்கு நேரே ஒரு சிவப்பு பல்பு வந்தது. மணி அடித்தால் எரியும். கொஞ்ச நாளில், மெஷின் இரைச்சலில் மணி கேட்காத மற்றப் பெண்களும் அதைப் பார்த்தே எழுந்துகொள்ளத் தொடங்கினார்கள். முதுகில் அடித்தவர்களில் ஒருத்தி, அவளிடம் கைப்பேச்சு கற்றுக்கொள்ள எங்களோடு வந்து சாப்பிட ஆரம்பித்தாள். மற்றவள் கடைசிவரை அப்படியேதான் இருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை நீலசந்திராவில் ஒரு தையல்காரர். அவருக்கும் காது கேட்காது. சின்ன வயதில் மதராஸில் அதற்கான பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்தவர். வீட்டில் பார்த்துச் சொன்ன சம்பந்தம்தான். ஆனால் மாப்பிள்ளையை நேரில் பார்த்துப் பேசாமல் சரி சொல்ல மாட்டேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். பேசப்போகிறதாமே ஊமை என்று அவள் மாமா ஒருவர் கேலி செய்தார். பேசினார்கள். அவர் கற்ற கைப்பேச்சு வேறு, எங்களுடையது வேறு. ஒரு சாயங்காலம் முழுக்கத் தடுமாறித் தடுமாறிப் பேசிவிட்டு, சரி என்றாள்.

கல்யாணம் நீலசந்திராவில் ஒரு சந்தில், பந்தல் போட்டு நடந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பத்துப்பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லோரும் காது கேளாதவர்கள். நாதஸ்வரக்காரர் ஒரு பக்கம் ஊதிக்கொண்டிருக்க, அவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். கைகள் பறந்தன. சிரித்தார்கள், சண்டை போட்டார்கள், ஒருவர் ஏதோ சொல்ல இன்னொருவர் தொடையில் அடித்துக்கொண்டார். என் சிநேகிதி கல்யாணப் புடவையோடு அவர்கள் நடுவில் இருந்தாள். நிச்சயமானபின் வந்த சில மாதத்தில் அவர்கள் பேச்சை அவள் எவ்வளவு பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அன்றுதான் பார்த்தேன். என்னைவிட வேகமாக அவளிடம் யாராலும் பேசமுடியாது என்று நினைத்திருந்தவள் நான். எனக்கு அங்கே ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

நாற்காலியில் இரும்புக் காலை நீட்டி உட்கார்ந்து, எல்லோரும் சிரிக்கும்போது நானும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லி அவர்களிடம் ஏதோ காட்டினாள். பிறகு வட்டத்தில் நகர்ந்து எனக்கு இடம் செய்தாள். அவர்களில் வயதான ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்து, சிறு குழந்தைக்குச் செய்வதுபோல மெதுவாக, விரல் விரலாக, ஒரு அடையாளத்தைக் காட்டினார். என்னால் முதலில் செய்ய முடியவில்லை. என் கையைப் பிடித்துத் திருத்தினார். மறுபடி செய்தேன். எல்லோரும் கையை மேலே தூக்கி ஆட்டினார்கள். அது அவர்கள் கைதட்டுவது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்டேன். வணக்கம் என்றாள்.